கோஃபியா, பாபாதுண்டேயா?

பையனுக்கு ஆப்பிரிக்கப் பெயர் வைப்பதென்றால் இந்த இரண்டில் எதை வைக்கலாம்? கானாவின் அக்கான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி. யோசிக்கவே வேண்டாம், காலண்டரைப் பார்த்தால் போதும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார், வெள்ளிக்கிழமைதான். இரட்டையரில் ஒருவர் என்பதால் பெயரின் நடுவில் 'அட்டா' என்றும் உண்டு.

நைஜீரியாவின் யொரூபா மக்களின் பாபாதுண்டே வேறு ரகம். 'அப்பா திரும்பி வந்துவிட்டார்' என்று பொருள். தாத்தா இறந்தபின் பிறக்கும் பையனுக்கு வைப்பார்கள். நம் 'பேரன்' என்ற சொல்லும் தாத்தா பெயரைத் தாங்கும் 'பெயரன்'தானே! நீளமாக இருக்கிறதா? துண்டே என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடச் சுலபம் கோஃபி. காபி என்று கிண்டல் வரும், அது சரி. எனக்கு மனசுக்கு நெருக்கம் பாபாதுண்டே. ஆனால் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயரை எப்படி வைப்பது?