பரப்புக் கணக்கில் செய்மதிப் படம்: யாழ்ப்பாணத்துக்கு எது பொருந்தும்?

நிலப்போர்வை வரைபடம் (எது வயல், எது பற்றை, எது வீடு என்று காட்டுவது) செய்ய வெளிக்கிடுகிற ஆட்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான். எந்தப் படம் என்பதை முதலில் தீர்க்கவேண்டும் என்பது என் கட்சி. காணியைப் பரப்பில் அளக்கிற ஊர் இது. 16 பரப்பு ஓர் ஏக்கர், அதாவது ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அமெரிக்கச் செய்மதியான லான்ட்சாட்டின் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் ஆகச்சிறிய சதுரம்) 30க்கு 30 மீற்றர். நம் கணக்கில் மூன்றரைப் பரப்பு. கோப்பாயிலோ உரும்பிராயிலோ மூன்றரைப் பரப்புக்குள் வெங்காயத் தறை, கொஞ்சம் வாழை, கிணறு, பூவரசு வேலி, பாதி வீட்டுக் கூரை எல்லாம் வந்துவிடும். லான்ட்சாட் அத்தனையையும் ஒரே நிறமாகக் குழைத்துக் கையில் தரும். ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2 இல் ஒரு பிக்சல் 10க்கு 10 மீற்றர், அதாவது 100 சதுர மீற்றர். பரப்புக்கு 18 குழி என்றால் இது ஏழு குழி. வேலி தெரியாது, ஆனால் தோட்டத்தையும் வீட்டு வளவையும் பிரித்துவிடலாம். அந்த 10 மீற்றர்கூட நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு ஒளி அலைப் பட்டைகளுக்கு மட்டுந்தான். ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் குற்றலை அகச்சிவப்பு 20 மீற்றர்.

அதற்காக லான்ட்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. சென்டினல்-2 இன் முதல் செய்மதி 2015 இல்தான் மேலே போனது. வலிகாமம் வடக்கில் சனம் இடம்பெயர்ந்தது 1990 இல். போர் முடிந்தபிறகு காணிகள் கட்டங்கட்டமாகச் சனத்திடம் திரும்ப விடப்பட்டன. செம்மண் தோட்டம் பற்றையானதையும், பற்றை வெட்டித் திரும்பத் தோட்டமானதையும் தொடர்ந்து பார்க்க, 1980களிலிருந்து 30 மீற்றரில் படமெடுத்துவரும் லான்ட்சாட்தான் கதி. பற்றை பிடித்த இடம் பெரிது என்பதால் அங்கே மூன்றரைப் பரப்பு பிக்சலே போதும். லான்ட்சாட் 7 எடுப்பவர்கள் மட்டும் தேதியைப் பார்த்து எடுங்கள். 2003 மே மாத இறுதியில் அதன் கருவியில் ஒரு பகுதி பழுதானது. அதன்பின் வந்த படங்களில் ஏறத்தாழ 22 சதவீதம் கோடுகோடாக வெறுமையாக இருக்கும்.

மென்பொருளுக்கு வந்தால், எங்கள் பக்கத்தில் தீர்ப்பு மேகத்தின் கையில். காலபோக நெல் பச்சையாக நிற்பது கார்த்திகை, மார்கழியில். வடகீழ்ப் பருவமழையும் அப்போதுதான். மாசி, பங்குனியில் வானம் வெளிக்கும்போது அரிவு வெட்டு முடிந்து வயலில் அடிக்கட்டைதான் மிஞ்சியிருக்கும். காய்ந்த வயல், தரவை, மணற்காட்டு மணல், புதுச் சீமெந்துக் கூரை இவை நான்கும் வெயில் காலப் படத்தில் கிட்டத்தட்ட ஒரே வெளிறல். ஒரு வருடத்து மார்கழியையும் இன்னொரு வருடத்து ஆடியையும் வைத்து ஒப்பிட்டுவிட்டு "வயல் குறைந்துவிட்டது" என்று சொல்வதற்கு எந்த மென்பொருளும் தடை போடாது.

கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் மேகமில்லாத தேதியை நீங்களே தேடவேண்டும். சென்டினல்-2 இன் ஒரு துண்டு 110க்கு 110 கிலோமீற்றர். நமக்கு வேண்டிய யாழ் மாவட்டமோ ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான். கடலையும் சேர்த்துத் தரவிறக்கி, திறந்து பார்த்தால் மேகம். பிறகு அடுத்த தேதி. இணையத்திலேயே ஓடும் கூகுள் எர்த் என்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதப் படங்களை அடுக்கி, மேகம் விழுந்த பிக்சல்களைக் கழித்து, மிச்சத்தின் இடைநிலையை (நடு மதிப்பை) எடுத்துத் தரும். வேலை முழுக்க அவர்களுடைய கணினியில். நம் டேட்டா முடிவை இறக்க மட்டுமே செலவாகும். சென்டினல்-1 ரேடார் படமும் அங்கேயே கிடக்கிறது. ரேடாருக்கு மேகம் பொருட்டில்லை. தண்ணீர் நிற்கும் வயலும் களப்பும் முதலில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். பயிர் வளர வளர வயல் வெளிறும், களப்பு கறுப்பாகவே கிடக்கும். (காற்றடித்தால் களப்பும் வெளிறும், அதற்காகத்தான் பல தேதிகள்.) குறை என்றால், ஜாவாஸ்கிரிப்ட்டோ பைத்தனோ கொஞ்சம் எழுதவேண்டும், வணிக வேலைக்கு இலவசமில்லை, இணைப்பு அறுந்தால் கைகட்டி இருக்கவேண்டியதுதான்.

ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டும் ஓடும்; அடிப்படை உரிமத்துக்கு மேல், வகைப்படுத்தலுக்கு (எந்தப் பிக்சல் வயல், எது வீடு என்று பிரிப்பதற்கு) தனி நீட்சி வேறு வேண்டும். வரைபடத்தை அழகாக அச்சிடுவதில் கெட்டி. அலுவலகம் காசு கட்டினால் பாவியுங்கள், சொந்தக் காசில் வேண்டாம்.

என் தெரிவு: எர்த் என்ஜினில் வரைபடத்தை உண்டாக்கி, கியூஜிஐஎஸில் திருத்துவது. திருத்தம் தேவைப்படுகிற முதல் ஆள் பனை. தலைகள் தள்ளித்தள்ளி நிற்க, கீழே மணல் தெரிய, 10 மீற்றர் பிக்சலில் பனங்கூடல் அரைப் பச்சையாக விழும்; வகை பிரிக்கிற நிரல் அதைப் பற்றைக்காடு என்று எழுதிவிடும். கியூஃபீல்ட் செயலியில் வரைபடத்தைத் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு நேரில் போய்ப் புள்ளி போட்டு வந்தால் அந்த மாதிரிகளை வைத்துத் திரும்ப ஓட்டலாம்.

இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் என்ற ஆயத்த நிலப்போர்வை வரைபடம் இருக்கிறது: 10 மீற்றர், 11 வகை, இலவசம். பனைக்கென்று தனி வகை இல்லை. மேலோட்டமாகப் பார்க்கப் பரவாயில்லை. அதன் 2020 வரைபடத்தையும் 2021 வரைபடத்தையும் கழித்துப் பார்த்து மாற்றம் கண்டுபிடிக்க மட்டும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு கணிப்புமுறைப் பதிப்புகளில் செய்தவை. தெரிகிற வித்தியாசத்தில் நிலம் மாறியது எவ்வளவு, முறை மாறியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.