ரிஷி வேலி ஸ்கூல்: ஹாஸ்டல் பத்தி இல்ல, அந்த மலைய பத்தி ஒரு ரிவ்யூ

ரிஷி வேலின்னு சொன்னதுமே பீஸ் எவ்ளோ, அட்மிஷன் கஷ்டமா, சாப்பாடு எப்படின்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. என் பொண்ணு அங்க ரெண்டாவது வருஷமா இருக்கா, இப்ப ஏழாவது. நான் எழுத வந்தது அந்த எடத்த பத்தி, மலை பாறை மரம் பறவை இத வெச்சு அந்த புள்ளைங்க என்ன கத்துக்குதுன்னு, அவ்ளோதான்.

முன்னாடி ஒரு தடவ, அவ நாலாவது படிக்கறப்ப, வேற ஒரு எடத்துல (பேர் வேணாம்) நேச்சர் கேம்ப்னு மூணு நாள் அனுப்பினோம். கயித்துல தொங்கறது, டயர் மேல ஏறறது, ராத்திரி ஸ்பீக்கர் கட்டி டான்ஸ். வந்ததும் என்னடி மரம்லாம் பாத்தன்னு கேட்டேன், "பெருசு பெருசா இருந்துச்சுமா"ன்னா. ஒரு மரம் பேர் தெரியல. காட்டுக்குள்ள கூட்டிட்டு போயி அவ்ளோ சத்தம் போட்டா எந்த பறவை கிட்ட வரும்? பணம் போனது கூட பரவால்ல, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

ரிஷி வேலி ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் இருக்கு. இந்த ஸ்கூல ஆரம்பிச்ச தத்துவ சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ல பொறந்த ஊரு மதனப்பள்ளி. 1926 வாக்குல ஸ்கூலுக்கு எடம் தேடினப்ப, ஒரு பெரிய ஆலமரம் நின்ன இந்த பள்ளத்தாக்குதான் அவருக்கு புடிச்சு போச்சு. மழை கம்மியான வட்டாரம், சுத்திலும் கருங்கல் குன்று. இன்னைக்கு பச்சையா தெரியறது தானா வந்ததில்லைங்க, மொட்டையா கெடந்த சரிவுல மரம் நட்டு, மழத்தண்ணி நின்னு மண்ணுக்குள்ள எறங்கறதுக்கு குட்டை கட்டி, ஆடு மேயாம பாத்துக்கிட்டு பல வருஷம் ஒழச்சு கொண்டு வந்தது. 1991ல பள்ளத்தாக்கையே பறவைகள் காப்பிடமா அறிவிச்சாங்க, 200 வகைக்கு மேல பறவை பதிவாயிருக்கு. அதாவது அந்த புள்ளைங்க நடக்கற நெலமே ஒரு பாடம், இவங்களுக்கு முன்னாடி அங்க படிச்சவங்களும் வாத்தியாருங்களும் செஞ்ச வேல.

போன ஜூலைல பாக்க போனோம். காலைல பொண்ணு என்னைய பாறைப்பக்கம் கூட்டிட்டு போனா, நான் வழியெல்லாம் பேசிக்கிட்டே வரேன், திடீர்னு கைய புடிச்சு "மா, பேசாத, அசையாத"ன்னா. எனக்கு வெறும் பாறைதான் தெரியுது. ரெண்டு நிமிஷம் நின்னப்பறம்தான் கண்ணு பட்டுச்சு, ஒரு பாறை ஓணான், முதுகு செக்கச்செவேல்னு, பக்கவாட்டு கரேல்னு, தலைய ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. பக்கத்துல பொட்டை இருக்கும் பாருன்னா, நெசமாவே பழுப்பா ஒண்ணு பாறையோட பாறையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பொட்டைக்கு முன்னாடி ஆண் இப்படி செவப்பு கருப்பா ஆகுமாம், அதுவே இன்னொரு ஆண் சண்டைக்கு வந்தா முதுகு மஞ்சளா, பக்கவாட்டு ஆரஞ்சா கொஞ்ச நேரத்துல மாத்திக்குமாம். இத பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. சென்னைல செவுத்துல ஓணான பாத்தா தொடப்பம் எடுக்கற ஆளு நான், அன்னைக்கு வெயில் ஏறற வரைக்கும் அங்கயே நின்னேன்.

அப்பறம் மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவுல இந்த மாதிரி பாறை குன்றுல மட்டும் வாழற பறவை, உலகத்துல வேற எங்கயும் கெடையாது, அழிவு அபாய பட்டியல்ல இருக்கு. பக்கத்து ஹார்ஸ்லி மலைலயும் பாக்கலாம். அதே புதர்ல வெண்புருவச் சின்னானும் சுத்தும், ரெண்டும் எனக்கு ஒண்ணாதான் தெரிஞ்சுது. புருவத்துல வெள்ள கோடு இருக்கா பாரு, இல்லன்னா தலைய பாரு மஞ்சளான்னு பொறுமையா சொல்லி குடுத்தா. அவ நோட்டுல தேதி, நேரம், எந்த செடில ஒக்காந்துச்சு, என்ன பழம் தின்னுச்சு எல்லாம் பென்சில்ல எழுதி வெச்சிருக்கா, ஒரு எடத்துல "தெரியல, திரும்ப பாக்கணும்"னு எழுதிருந்தா. அத படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம், தெரியலன்னு எழுத எத்தன பேரு சொல்லி தராங்க?

சாயங்காலம் அஸ்தாசல்னு ஒண்ணு உண்டு. பசங்க ஒண்ணா ஒக்காந்து சூரியன் மலைக்கு பின்னாடி எறங்கறத சத்தம் இல்லாம பாப்பாங்க. லெக்சர் கெடையாது, மைக் கெடையாது. காலைல பாறைகிட்ட அவ்ளோ நேரம் அசையாம எப்படி நிக்கறான்னு யோசிச்சேன்ல, வெட கெடச்சிடுச்சு.

சேக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு: செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, அத மறைக்க விரும்பல. கோடைல வெயில் பாறைல அடிச்சு கொளுத்தும். ஓயாம ஏதாவது ஆக்டிவிட்டி நடக்கணும், போட்டோ வரணும்னு எதிர்பாக்கற பெத்தவங்களுக்கு இது சரிப்பட்டு வராது. சுத்தி பாக்கலாம்னு சும்மா வண்டி எடுத்துட்டு போயிடாதீங்க, புள்ளைங்க தங்கி படிக்கற எடம், முன்னாடியே எழுதி கேட்டுட்டு போங்க. போனா நல்ல ஷூ, தொப்பி, ஒரு பைனாகுலர். எங்களுது 8க்கு 42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்னாடி கண்ணாடி 42 மில்லிமீட்டர்), அது போதும். ஓணான் பாக்கணும்னா ஜூலை மாசம் காலைல போங்க.