திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையும் என் நாவலும்

பாரதி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது கடை. பலகையில் பெயர் கிடையாது. ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங்’, அவ்வளவுதான். பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் பக்கம் என்பதால் ஆய்வேட்டு மாணவர்கள்தான் அதிகம். நாவலைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது, கடைத் தம்பி என் முகத்தை மறக்கவில்லை.

ராயபுரத்தில் நடக்கிற நாவல், 320 பக்கம். திரையில் படித்தால் எல்லா வரியும் ஒழுங்காகத்தான் தெரிகிறது. தாளில் வந்த பிறகுதான் வளவளப்பு கண்ணில் படும். இரட்டை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு என்றேன். “ரெண்டு பக்கமும் அடிச்சா பேப்பர் பாதி மிச்சம் மேடம்.” வேண்டாம் என்றேன். “அப்ப ஒரே ஸ்பைரல்ல போட்டா புரட்ட வராது, ரெண்டா போட்டுடறேன்.” சொன்னது சரி. மடியில் வைத்துக்கொண்டு திருத்த, முழுதாக மடித்துப் பிடிக்க, அந்தப் பருமன்தான் வசதி.

ஒரு பக்க அச்சின் அருமை ஏழாவது அத்தியாயத்தில் புரிந்தது. சீட்டுப் பணம் வசூலிக்க வரும் ஒரு பெண்மணி, நாவலுக்கு வேண்டாதவர். அந்தப் பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனால், அடித்த தாளின் வெற்று முதுகு இடப்பக்கம் விரிந்து கிடக்கிறது. “வட்டி வேணாம்மா, வாசல்ல உக்காந்துட்டுப் போறேன்” என்று அந்த அம்மாள் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது வலப்பக்கம் நாவல் திருத்தம், இடப்பக்கம் புதுச் சிறுகதை. நாவலில் வெட்டு கூடக் கூட, கதைக்கு இடமும் கூடுகிறது. வேறு நோட்டு எடுத்திருந்தால் அவரை அத்தனை சுலபமாகப் பிடித்திருக்க மாட்டேன். ஒரு வேலை அலுத்தால் கண்ணை நகர்த்தினால் போதும். ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு நிறப் பேனா வேண்டும், தட்டச்சு செய்யும்போது குழம்பாமலிருக்க.

குறை இல்லாமல் இல்லை. வழக்கமாகப் போடும் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) தாளில் மை பேனா ஊறிப் பின்பக்கம் தெரிகிறது. பால் பாயிண்ட் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் முன்கூட்டியே 80 கேளுங்கள், கொஞ்சம் காசு கூட. ஸ்பைரல் கம்பியின் நுனியைச் சரியாக மடக்குவதில்லை, துப்பட்டாவில் மாட்டி நூல் இழுத்துவிட்டது. இடது ஓரம் ஒன்றரை அங்குலமாவது விடுங்கள், துளை போடும்போது எழுத்தைத் தின்றுவிடும்.

கோப்பை வேர்டாகக் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து பக்க எண்ணெல்லாம் நகர்ந்துவிடும். பாமினி என்கிற யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய அத்தியாயம் என்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறார், கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும். ஆய்வேடு ஒப்படைக்கும் நேரத்தில் கூட்டம் தாங்காது. அப்போது கடை திறந்ததும் போய்விடுங்கள்.