ஸ்விட்ச்சா, பிளேஸ்டேஷனா: விற்கும்போது தெரியும் கணக்கு

பல மாதம் இழுத்தடித்துக் கடைசியில் நான் வாங்கிய வீடியோ கேம் கன்சோல் நின்டெண்டோ ஸ்விட்ச். எதிரே நின்றது சோனியின் பிளேஸ்டேஷன் 4. படத்தின் துல்லியம், வேகம் என்றால் பேச்சே இல்லை, சோனிதான். பையில் போட்டுக்கொண்டு போக ஸ்விட்ச். இதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

என்னைச் சாய்த்தது மறுவிற்பனை. ஒரு கேமை முடித்தால் அதை விற்றுத்தான் அடுத்ததை வாங்குகிற ஆள் நான். நின்டெண்டோ தன் சொந்த கேம்களின் விலையை லேசில் இறக்காது. 2017-இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ், பல வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே விலைக்குப் போனது. வாங்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் புதுசு இறங்காதவரை பழசும் இறங்காது. பிளேஸ்டேஷனில் பெரிய கேம்கள்கூடச் சீக்கிரமே தள்ளுபடிக்கு வந்துவிடும்; அப்புறம் நம்மிடம் இருக்கும் டிஸ்க்கை யார் கேட்பார்கள்?

இந்தப் பிடிவாதம் அவர்கள் தொழிலிலேயே ஊறியது. 2006-இல் சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ நஷ்டத்துக்கு விற்று, கேம்களில் ஈடுகட்டப் பார்த்தது. அதே வருடம் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோல், திறனில் சுமார்தான். ஆனால் பெட்டியிலேயே லாபம். 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து தொடங்கிய நிறுவனத்துக்கு இப்போது சொத்தே மரியோ, செல்டா மாதிரியான சொந்த கேம்கள்தான். வேறு எந்த கன்சோலிலும் அவை கிடைக்காது. பிறகு எதற்கு விலையைக் குறைக்க வேண்டும்?

அதே பிடிவாதம் அவர்களைக் கவிழ்த்ததும் உண்டு. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜை, அதாவது கேமைச் சிப்பில் பதித்த பிளாஸ்டிக் பெட்டியை, விடாமல் பிடித்துக்கொண்டது. பிளேஸ்டேஷனின் சிடியில் இடமும் அதிகம், செலவும் குறைவு. அதனால் கேம் தயாரிக்கும் ஸ்கொயர் நிறுவனம் தன் ஃபைனல் ஃபேண்டஸி 7-ஐ பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. நின்டெண்டோ 64 விற்றது சுமார் 3.3 கோடி, பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல்.

ஆனால் பழசை விற்கிறவனுக்கு அந்தக் கார்ட்ரிட்ஜின் வாரிசு வரம். ஸ்விட்சின் கேம் கார்டு தபால்தலை அளவுதான், கீறல் பயம் கிடையாது. குழந்தைகள் விழுங்காமலிருக்க அதில் கசப்பு மருந்து தடவியிருப்பார்கள். நம்பாமல் நாக்கை வைத்துப் பார்த்தேன். காபி குடித்தும் கசப்பு போகவில்லை. இரண்டு வருடம் வைத்திருந்த செல்டா கார்டை விற்றபோது, வாங்கியவர் செருகிப் பார்த்தார், ஓடியது, பணத்தைக் கொடுத்தார். பேரமே இல்லை. முன்பொரு முறை ஒரு டிஸ்க்கை உறையில் போடாமல் மேஜையில் விட்டுக் கீறலாக்கியது நான்தான். அதை ஓசிக்குக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

சரி, எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஸ்விட்சின் கைப்பிடியான ஜாய்-கானில் விரலால் தள்ளும் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும் கோளாறு ஊரறிந்தது. 2020-இல் நிறுவனத் தலைவர் ஃபுருகாவாவே மன்னிப்புக் கேட்டார். என்னுடையது நன்றாக இருக்கிறது, ஆனால் நான் வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிறவன், என் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5-ஐ நண்பர் வீட்டில் ஆடியதோடு சரி. அதிலும் டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷனை அப்படியே வாங்கினால் மறுவிற்பனைக்கே இடமில்லை.

என் வாதத்தில் ஓட்டை போடுவது ஸ்விட்ச் 2. 2025 ஜூனில் வந்த அதில் சில கேம்கள் ‘கேம்-கீ கார்டு’களாக வருகின்றன. கார்டுக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். டவுன்லோடு செய்தாக வேண்டும். விற்கலாம், ஆனால் சர்வர் இருக்கும்வரைதான். நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இணையக் கடைகளிலும் 2023 மார்ச்சில் புது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஸ்விட்ச் 2-ஐ இன்னும் வாங்கவில்லை. வாங்கினால், ஒவ்வொரு கேம் பெட்டியிலும் மரியோ முகத்துக்கு முன்னால் நான் தேடப்போவது முன்னட்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அந்தச் சாவிக் குறிப்பைத்தான்.