இபேர்ட் செயலி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

இபேர்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும் கைபேசிச் செயலி. காகத்தையும் மைனாவையும் விடாமல் எண்ணி எழுதுகிறவருக்குத்தான் அது முழுதாகப் பயன்படும். அரிய பறவை கண்ணில் பட்டால் மட்டும் திறப்பவருக்கு அது வெறும் நாட்குறிப்பு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இந்தத் தளத்தின் இந்தியப் பகுதியை பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு கவனித்துக்கொள்கிறது. செயலி இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது.

பட்டியலை அனுப்பும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்றால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது தென்படவில்லை என்று கொள்ளலாம். சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது என்று 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொன்னது. 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. பனங்காடை வெகுவாகக் குறைந்துவருவதை அது வெளிக்காட்டியது. இரண்டுக்கும் அடிப்படை, ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய இத்தகைய பட்டியல்கள். பிடித்த பறவைகளை மட்டும் எழுதிவிட்டு ‘ஆம்’ என்று அழுத்தினால், அங்கே காகமே இல்லை என்று சொன்னதாகிவிடும். விட்டுப்போயிருந்தால் தயங்காமல் ‘இல்லை’ என்று கொடுங்கள். அடையாளம் தெரியாத பறவை இருந்ததால் மட்டும் பட்டியல் குறைபட்டுவிடாது. கேள்வி தெரிந்தவற்றைப் பற்றியது.

கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இரண்டு. முதலாவது, போகும் பகுதிக்கான ‘பேக்’ தரவிறக்கம். வால்பாறை போன்ற இடங்களில் சிக்னல் வரும் போகும். பேக் இருந்தால் அந்தப் பகுதியில் அந்த மாதம் தென்படக்கூடிய பறவைகளின் பெயர்கள் இணையம் இல்லாமலே வரிசையாக வரும். இல்லையென்றால் உலகப் பறவைகள் அத்தனைக்கும் நடுவே தேட வேண்டியிருக்கும். இரண்டாவது, கைபேசியின் பேட்டரி அமைப்பு. பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். நடந்த தடத்தைப் பதியும் வசதி அப்போது அறுந்துபோய், வளைந்து நடந்த கரை வரைபடத்தில் குளத்தின் குறுக்கே ஒரு நேர்க்கோடாக விழும். தூரமும் குறைவாகக் காட்டும். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து இபேர்டுக்கு விலக்குக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பட்டியலின் வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே, சுமார் 30 மீட்டருக்குள், பார்த்தால் ‘ஸ்டேஷனரி’. அதைத் தாண்டி நடந்தால் ‘டிராவலிங்’. வேறு வேலையாகப் போகும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது ‘இன்சிடென்டல்’. போன பாதையிலேயே திரும்பி வந்து, தூரத்தைக் கையால் எழுதுவதாக இருந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் எழுத வேண்டும். அதிகம் நடக்கும் தவறு, நடை முடிந்தும் தடத்தை நிறுத்தாமல் பைக்கில் ஏறிவிடுவது. டீக்கடை வரை போன தூரமும் நேரமும் பட்டியலில் சேர்ந்துவிடும். அனுப்பும் முன் தூரத்தையும் நேரத்தையும் திருத்த இடம் உண்டு. கடைசிப் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டே அனுப்புங்கள்.

நீளமான பட்டியலைவிடச் சின்னச் சின்னப் பட்டியல்களே நல்லது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையைத் தனிப் பட்டியலாகவும், வழியிலுள்ள வயல்வெளியைத் தனிப் பட்டியலாகவும் போட்டால் எந்தப் பறவை எந்தச் சூழலில் இருந்தது என்பது தெளிவாக நிற்கும். 10 கிலோமீட்டரை ஒரே பட்டியலில் அடைத்தால் நத்தைகுத்தி நாரையும் தவிட்டுக்குருவியும் ஒரே புள்ளியில் விழும். வீட்டு மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணுவதும் முழுமையான பட்டியல்தான். ஒரே இடத்தில் வாரம் தவறாமல் செய்தால் வலசைப் பறவைகள் எப்போது வந்தன, எப்போது போயின என்பதை அதுவே சொல்லிவிடும்.

எண்ணிக்கைக்கு வருவோம். எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ போட்டால் ‘இருந்தது, எண்ணவில்லை’ என்று பொருள். வசதிதான், ஆனால் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் முதலில் 10 பறவைகளை எண்ணி, அந்த அளவு கண்ணுக்குப் பழகியதும் அப்படி எத்தனை தொகுதி இருக்கிறது என்று கணக்கிட்டு 350 என்று எழுதலாம். ஆயிரங்களில் இருந்தால் 100 பறவைகளை ஒரு தொகுதியாக வைத்துக்கொள்ளலாம். தோராயமான எண் கூட ‘எக்ஸ்’ஸைவிட எவ்வளவோ மேல். செயலியில் பெயருக்கு இடப்பக்கம் தொட்டால் ஒவ்வொன்றாகக் கூடும். கூட்டமாக வரும்போது அதைவிட வேகமான வழி, தேடல் பெட்டியில் எண்ணை அடித்து, இடைவெளி விட்டு, ஆங்கிலப் பெயரின் இரு சொற்களிலிருந்தும் முதல் இரண்டிரண்டு எழுத்துகளை அடிப்பது. பறவை தெரியும்போதே பதிந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து நிரப்பினால் மைனாவும் மடையானும்தான் முதலில் மறந்துபோகும்.

சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா என்று தொலைவில் தெரியவில்லையென்றால் ஊகித்து எழுத வேண்டாம். ‘நீர்க்காகம், இனம் தெரியவில்லை’ என்ற பொருளில் பொதுப்பெயர் பட்டியலிலேயே இருக்கிறது. புதியவர்கள் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். தவறான பெயரைவிட இது பல மடங்கு பயனுள்ள தகவல்.

அந்தப் பகுதிக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பறவையையோ, வழக்கத்தை மீறிய எண்ணிக்கையையோ போட்டால் செயலி விளக்கம் கேட்கும். ஜூன் மாதத்தில் ஊசிவால் வாத்து என்று எழுதினால் கேட்காமல் விடாது. இந்த வடிகட்டியை அமைப்பதும் அதில் சிக்கியவற்றைப் பார்ப்பதும் அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர்கள். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்று எழுதுவதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அளவு, அலகின் நிறம், பறக்கும்போது இறக்கையில் தெரிந்த பட்டை, எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தது, ஒத்த தோற்றமுள்ள இனம் ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். மங்கலான படம் இருந்தாலும் சேருங்கள். கேள்வி கேட்டு மின்னஞ்சல் வந்தால் அதைக் குற்றச்சாட்டாக நினைக்க வேண்டாம். பறவையியல் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இலவச வகுப்பு கிடைக்காது.

இதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மெர்லின் திரையில் வந்த பெயர்களை அப்படியே இபேர்ட் பட்டியலில் ஏற்றுவது மட்டும் கூடாது. துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலில் அழகாகப் பேசும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது ஒன்றே நான்கைந்து பெயர்களைத் திரையில் கொண்டுவந்துவிடும். மெர்லின் சொன்ன பறவையை நீங்களே பார்த்தோ, குரலை அடையாளம் கண்டோ உறுதி செய்த பிறகுதான் எழுத வேண்டும்.

குழுவாகப் போனால் ஒருவர் மட்டும் பதிந்து மற்றவர்களுடன் பகிர்வதே முறை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற நாட்களில் ஒரே குளத்தில் ஒன்றாக நடந்த ஐந்து பேரும் தனித்தனியே அனுப்பினால், ஒரே நடை ஐந்து நடைகளாகத் தெரியும். பகிர்ந்த பட்டியலில் தான் பார்க்காத பறவையை ஒவ்வொருவரும் தன் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சிங்காநல்லூர் குளம் போல ஏற்கெனவே ‘ஹாட்ஸ்பாட்’ (எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் பறவை பார்க்கும் இடம்) இருந்தால் அதையே எடுங்கள். வீட்டிலிருந்து எண்ணுகிறவர்கள் இடத்தின் பெயரில் கதவு எண்ணும் தெருவும் போட வேண்டாம். பட்டியலை யாரும் பார்க்கலாம். கூடு இருக்கும் மரம் எது என்பதையும் குறிப்பில் எழுதாதீர்கள்.

குறை என்றால் ஒன்று உண்மையிலேயே வலிக்கும். அனுப்பாத பட்டியல்கள் கைபேசியில் மட்டுமே இருக்கும். செயலியை நீக்கினாலோ கைபேசி பழுதானாலோ அவை போனதுதான். மலையிலிருந்து இறங்கி இணையம் கிடைத்ததும் முதல் வேலையாக அனுப்பிவிடுங்கள். திருத்தங்களைப் பிறகு வலைத்தளத்தில் நிதானமாகச் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு முறை வகைப்பாடு புதுப்பிக்கப்படும்போது பெயர்கள் மாறிக் குழப்பும்; உண்ணிக்கொக்கு கிழக்கு, மேற்கு என இரண்டானது அப்படித்தான். பழைய பட்டியல்களைத் தளமே மாற்றிவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது பேக்கைப் புதுப்பிப்பது மட்டும்.