“டிரிகரை லைட்டாக்கித் தருகிறேன்” என்பவரிடம் ஏர் ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன்

ஜெர்மன் தயாரிப்பு மேட்ச் ஏர் ரைஃபிள் (போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி) ஒன்று. வைத்திருப்பவர் ஒரு கல்லூரி மாணவி, மாவட்டப் போட்டிகளில் சுடுபவர். “டிரிகர் ஜாப், கஸ்டம் கிரிப், வீட்டிலேயே செய்து தரப்படும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய விளம்பரத்தை நம்பி ஒருவரிடம் கொடுத்தார். ஒரு வாரம் என்றது மூன்று வாரம் ஆனது. கூலி 6,500 ரூபாய். பில் கேட்டதற்குக் கையெழுத்தில்லாத ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. திரும்பி வந்த துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்ததில் கண்டதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறோம். ஆளின் பெயரும் ஊரும் வேண்டாம். இதே வேலையை இதே விதமாகச் செய்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

மேட்ச் டிரிகரில் இரண்டு கட்டம் உண்டு. விரல் வைத்து இழுத்ததும் கொஞ்ச தூரம் இலகுவாக வந்து ஏதோ சுவரில் முட்டியதுபோல நிற்கும். அதுவரை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அந்தச் சுவரில் இன்னும் சில கிராம் அழுத்தம் கூடியதும் சியர் (சுடும் ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) விடுபடும். அது செகண்ட் ஸ்டேஜ். இந்த இரண்டின் எடை (இழுக்கத் தேவையான அழுத்தம்), ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூரம், சியர் விடுபடும் புள்ளி, விடுபட்டபின் டிரிகர் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் நல்ல மேட்ச் துப்பாக்கியில் தனித்தனி ஸ்க்ரூ உண்டு. எந்த ஸ்க்ரூ எதற்கு என்று கூடவே வந்த கையேட்டில் படம் போட்டிருக்கும். அதாவது ஒரு ஆலன் கீயும் பத்து நிமிடமும் போதும். இந்த வேலைக்காக ஒருவர் அரமும் டிரெமலும் (சுழன்று தேய்க்கும் கைக்கருவி) எடுத்தால் அந்த நிமிடமே துப்பாக்கியைத் திருப்பி வாங்கிவிடுவது நல்லது.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதியில் குறைந்தபட்ச டிரிகர் எடை கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் என்று உண்டு, ரைஃபிளுக்கு இல்லை. அதனால் யார் டிரிகர் குறைவு என்று ஒரு வீண் போட்டி நடக்கிறது. 60 கிராம், 50 கிராம், 40 கிராம் என்று விளம்பரம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் குண்டு எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது எடையைவிட அந்த எடை மாறாமல் இருப்பதுதான். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 2.5 மி.மீ., 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஒரு ஷாட் 70 கிராமிலும் அடுத்த ஷாட் 110 கிராமிலும் விடுபட்டால் விரல் எதிர்பாராத நொடியில் ஷாட் போகும். 10.6 வர வேண்டியது 9.8 ஆகும், சுட்டவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

இந்த மாணவியின் துப்பாக்கி கொடுக்கப்பட்டபோது மொத்தம் 110 கிராம், அதில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் 75, செகண்ட் ஸ்டேஜ் 35. நல்ல வேளையாகப் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது டிரிகர் எடை அளக்கும் கேஜ் வைத்து “பாருங்க மேடம், 60 கிராம்” என்று காட்டியிருக்கிறார்கள். அந்தக் கேஜை எங்கே மாட்டினார்கள் என்பதில்தான் தந்திரம். டிரிகர் பிளேடு ஒரு நெம்புகோல். அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி, பிளேடின் நுனியில் மாட்டினால் 60 கிராம் காட்டும் டிரிகர், விரல் உண்மையில் இருக்கும் 30 மி.மீ. இடத்தில் 80 கிராம் காட்டும். எனவே எடை பார்க்கும்போது விரல் படும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அங்கேயே பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது, பத்துத் தடவை பார்த்துப் பத்தையும் எழுத வேண்டும்.

கேஜ் இல்லாதவர்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தராசில் பாட்டில், கம்பி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிராம் வருமாறு வைத்துக்கொள்ளலாம். உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) இல்லை என்று இரண்டு முறை பார்த்து, ட்ரை ஃபயரில் (குண்டில்லாமல் டிரிகரை மட்டும் இயக்கும் நிலையில்) காக் செய்து, அதாவது சுடத் தயாராக்கி, குழல் நேர் மேலே பார்க்கத் துப்பாக்கியைப் பிடித்து, கம்பிக் கொக்கியைப் பென்சில் கோட்டில் மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். 100 கிராமில் விடுபடாமல், 10 மில்லி தண்ணீர் கூட்டினதும் விடுபட்டால் எடை 100க்கும் 110க்கும் நடுவில். நல்ல டிரிகர் பத்து முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் விடுபடும். இந்தத் துப்பாக்கி பத்து முறையில் 62 முதல் 118 வரை ஆடியது.

காரணம் உள்ளே இருந்தது. செகண்ட் ஸ்டேஜ் ஸ்பிரிங்கைக் காணோம். அதன் இடத்தில் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் ஒன்றைக் கட்டிங் பிளேயரில் வெட்டிச் செருகியிருந்தார்கள். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை தட்டையாக உட்காராது, கூராக நீட்டிக்கொண்டு உறையின் சுவரை உரசும். உரசும்போது எடை ஏறும், வழுக்கும்போது இறங்கும். தொழிற்சாலை ஸ்பிரிங்கின் இரு முனையும் சமமாகத் தேய்த்து முடிக்கப்பட்டிருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஸ்பிரிங்காவது மாற்றக்கூடியது. சியரில் செய்திருந்த வேலைக்குப் பரிகாரம் இல்லை. சியரும் அது பிடிக்கும் பாகமும் முட்டும் முகத்தை டிரெமலில் ஃபெல்ட் வீல் மாட்டி, பாலிஷ் பேஸ்ட் போட்டுக் கண்ணாடிபோல ஆக்கியிருந்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பளபளப்பு நன்றாகத்தான் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் விளிம்பு கத்திபோல நேராக இல்லை, சோப்புக்கட்டியின் ஓரம்போல உருண்டிருக்கிறது. ஃபெல்ட் வீல் மெத்தென்று இருப்பதால் சமமான முகத்தைத் தேய்க்காது, ஓரங்களைத்தான் முதலில் தின்னும். ஓரம் உருண்டால் பிடிப்பின் கோணம் மாறும். பிடித்து வைக்க வேண்டிய முகம் சரிவாகி, ஹேமர் ஸ்பிரிங்கின் அழுத்தமே சியரைத் தள்ளிவிடப் பார்க்கும். டிரிகர் “லைட்” ஆனதுபோல் தெரிவது அதனால்தான். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட பாகமாக இருந்தால் இன்னும் மோசம். அந்தத் தோல் தேய்ந்தபின் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு சில நூறு ஷாட்டுகளில் நசுங்கத் தொடங்கும்.

இப்படிச் சரிவான சியர் பிடிக்காமல் நழுவியதும், அதை மறைக்கச் சியரின் பிடிப்பு ஆழத்தை மாற்றும் ஸ்க்ரூவை ஆழமாகத் திருகியிருக்கிறார்கள். பிறகு இழுவை கரகரவென்று வந்திருக்கும், திரும்பவும் வெளியே எடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூத் தலையைப் பார்த்தாலே இந்தக் கூத்து தெரிகிறது: 1.5 மி.மீ. அறுகோணக் குழி வட்டமாகிக் கிடக்கிறது. அங்குல செட்டில் உள்ள 1/16 கீ 1.59 மி.மீ. வரும். அதை முட்டித் தள்ளினால் உள்ளே போகும், குழியும் கெடும். கடைசியில் எல்லாம் அசையாமல் இருக்கச் சிவப்பு லாக்டைட் (ஸ்க்ரூவைப் பூட்டும் பசை) ஊற்றியிருக்கிறார்கள். அந்த வகையைக் கழற்ற 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். டிரிகர் யூனிட்டுக்குள் அந்தச் சூட்டைக் காட்ட முடியாது. அது பக்கத்தில் இருந்த பின்னுக்கும் வழிந்து, லிவர் சோம்பலாகத் திரும்புகிறது. இந்த இடத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் நீல வகையில் ஊசிமுனை அளவு, புரியின் நுனியில் மட்டும்.

ஸ்டாப் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. சியர் விடுபட்டபின் டிரிகர் பின்னால் ஓடாமல் தடுப்பது. பெல்லட் குழலை விட்டு வெளியேறச் சில மில்லி செகண்டு ஆகும். அதற்குள் டிரிகர் பின்சுவரில் போய் மோதினால் குழல் அசையும். இந்த ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சரியான முறை: விடுபடவே மாட்டேன் என்கிற அளவுக்கு மெதுவாக உள்ளே திருகி, அங்கிருந்து கால் சுற்றுக்குள் வெளியே எடுப்பது. அதற்கு மேல் உள்ளே விட்டால், எண்ணெய் கெட்டியாகும் குளிர்ந்த ஏசி அரங்கில் போட்டி நடுவில் டிரிகர் விடுபடாமல் நிற்கும்.

இனி ஆபத்துக்கு வருவோம். எந்த டிரிகர் வேலைக்குப் பிறகும் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. பெல்லட் இல்லாமல், முடிந்தால் காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, ட்ரை ஃபயரில் காக் செய்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் செய்யுங்கள். ஒன்று, டிரிகரைச் சுவர் வரை இழுத்து, விடுபடாமல் விரலை எடுங்கள். திரும்ப இழுத்தால் சுவர் அதே இடத்தில் அதே கனத்தில் இருக்க வேண்டும். 20 தடவை செய்யுங்கள். ஒரே ஒரு தடவை சுவர் மெலிந்தாலும் சியர் முழுதாகத் திரும்பி உட்காரவில்லை என்று அர்த்தம். இரண்டு, டிரிகரைத் தொடாமல் ஸ்டாக்கை ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும், பட் பிளேட்டின் (தோளில் படும் பின்தகடு) பின்னாலும் லேசாகத் தட்டுங்கள். விடுபடக் கூடாது. இந்தத் துப்பாக்கி பட் பிளேட்டில் மூன்றாவது தட்டில் விடுபட்டது. போட்டியில் அது லோட் செய்து மூடும்போதே நடக்கும். பக்கத்து லேனில் ஆள் நிற்கிற இடம் அது.

கிரிப் கதை வேறு மாதிரி. மாணவி கேட்டது, ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் நேராகப் படவில்லை, விரல் எட்டிப் பிடிக்கிறது என்பதுதான். அதற்குக் கிரிப்பைத் தொடவே வேண்டாம். டிரிகர் பிளேடு ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி 5 மி.மீ. பின்னால் இழுத்திருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொன்னால் கூலி கேட்க முடியாது. வால்நட் கிரிப்பின் மேல் எம்-சீலை (கலந்து பூசினால் இறுகும் எபாக்ஸி புட்டி) அப்பிவிட்டார்கள்.

எம்-சீல் கெட்ட பொருள் இல்லை, பலரும் வீட்டில் அதைத்தான் வைக்கிறார்கள். வைக்கும் விதம் உண்டு. முதலில் ஒரு வாரம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, சுட்டுப் பார்த்து, எங்கே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்த இடத்தின் வார்னிஷை 120 எமரித் தாளில் மரம் தெரிய எடுத்து, தூசி துடைத்து, 2 அல்லது 3 மி.மீ. படலமாக வைத்து, கையில் கிளிங் ஃபிலிம் சுற்றிக்கொண்டு, ஷூட்டிங் ஜாக்கெட் போட்டு, நிற்கும் நிலையிலேயே பிடிக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து பிடித்த அச்சு நிற்கும்போது பொருந்தாது, மணிக்கட்டின் கோணம் வேறு. ஓர் இரவு விட்டு, 240, 400 தாளில் தேய்த்து, வியர்வை ஊறாமல் சீல் செய்ய வேண்டும். இங்கே வார்னிஷின் மேலேயே 8 மி.மீ. தடிமனுக்கு அப்பியிருந்தார்கள். மூன்றாம் நாளே ஓரம் பெயர்ந்தது. அச்சு யாருடைய கையில் எடுத்தது என்றும் தெரியவில்லை, மாணவியின் கையைவிடப் பெரிய கை அது.

அதைவிடப் பெரிய பிரச்சினை விதி. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தம்ப் ஹோல் (கட்டைவிரல் துளை), தம்ப் ரெஸ்ட் (கட்டைவிரல் தாங்கி), பாம் ரெஸ்ட் (உள்ளங்கைத் தாங்கி), ஹீல் ரெஸ்ட் எதுவும் கூடாது. கை வழுக்காமல் இருக்கக் கிரிப்பின் முன்புறமோ பக்கவாட்டிலோ நீட்டிவிட்டால் அது ஹீல் ரெஸ்ட். இந்தக் கிரிப்பின் கீழே கை உட்கார ஒரு திண்ணையே கட்டியிருந்தார்கள். பார்க்க வசதியாக இருக்கும், துப்பாக்கியைச் சோதிக்கும் எக்விப்மெண்ட் கன்ட்ரோல் மேசையில் நிற்காது. பிடிமானத்துக்கு மணல்தாளும் கிரிப் டேப்பும் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கும் அனுமதி இல்லை. மொத்த எடையும் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே வெயிட் போட்டு 5.4க்குச் சற்று மேல் வைத்திருப்பவருக்கு 100 கிராம் புட்டி போதும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். 4.5 மி.மீ., 20 ஜூல் வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் துப்பாக்கிகள் அதில் பாதிக்கும் கீழே. ஆனால் இதே ஆள் “.22 இருந்தாலும் கொண்டு வாங்க” என்றும் விளம்பரம் போட்டிருந்தார். .22 என்பது தோட்டா சுடும், லைசென்ஸ் வேண்டிய ரைஃபிள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவரிடம் .22 ரைஃபிளை விட்டுவிட்டு வந்தால் வில்லங்கம் கொடுத்தவருக்கும்தான்.

வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் பத்து டிரிகர் எடைகள், ஒவ்வொரு ஸ்க்ரூவும் எத்தனை சுற்றில் இருக்கிறது என்ற கணக்கு, டிரிகர் யூனிட்டின் படம், சீரியல் எண், சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சிலிண்டரை நீங்களே வைத்துக்கொள்வது உத்தமம். பெரிய கம்பெனிகளின் சிலிண்டருக்குப் பொதுவாக ஆயுள் 10 ஆண்டு. உங்கள் புதியதை எடுத்துக்கொண்டு காலாவதியானதை மாட்டித் தந்தால் வீட்டுக்கு வந்த பிறகு நிரூபிப்பது கடினம். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் போனவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. துண்டுச்சீட்டாக இருந்தாலும் யுபிஐ பரிவர்த்தனையும் வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சியாகும். அழித்துவிடாதீர்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு இப்போது முழு டிரிகர் யூனிட்டே வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கிரிப்பின் புட்டியைச் சுரண்டி எடுத்துப் பழைய வார்னிஷ் வரை வந்தாகிவிட்டது. எடுத்த அசல் ஸ்பிரிங்கைக் கேட்டதற்கு, “அது தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்” என்று பதில் வந்தது.