எம் பிளஸ்ஸா, 798ஆ?

சீன சமகாலக் கலையைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் ஹாங்காங்கின் எம் பிளஸ் (M+) அருங்காட்சியகத்துக்கே போங்கள். 2012இல் சுவிஸ் கலைச் சேகரிப்பாளர் உலி சிக் கொடுத்த பெருந்தொகுப்பு அங்கேதான் இருக்கிறது, 1970களிலிருந்து இந்தக் கலை எப்படி மாறியது என்று புரியும். சீன ஓவியர் ஜாங் சியாவோகாங்கின் குடும்ப ஓவியம் எதுவும் காட்சியில் இருந்தால் கிட்டப்போய்ப் பாருங்கள், ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஓடும்.

பெய்ஜிங்கின் 798 என்ற கலை வளாகம் வேறு ரகம். 1950களில் கிழக்கு ஜெர்மானியர் உதவியோடு கட்டிய மின்னணுத் தொழிற்சாலை, வளைந்த கூரையில் மாவோ காலத்து முழக்கங்கள் சிவப்பெழுத்தில் இன்னும் இருக்கின்றன, அதற்குக் கீழே புத்தம்புது ஓவியங்கள். வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கடைகளும் கூட்டமும் அதிகம், சுமாரான படைப்புகளும் கலந்துதான் கிடக்கும், ஆனாலும் இளைஞர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு 798தான் பிடிக்கும். அப்புறம், திங்கட்கிழமை வேண்டாம்: எம் பிளஸ்ஸுக்கு விடுமுறை, 798இலும் பல கேலரிகள் மூடியிருக்கும்.